வாழ்வியல் பயிற்சியாளரா, உளவியலாளரா, மனநல மருத்துவரா: நெருக்கடியில் யாரிடம் செல்வது?

2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான இறக்குமதி வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பெரும் நெருக்கடிக்குள்ளானது. அந்த ஊரில் பவர் டேபிள்கள், அதாவது மின்தையல் இயந்திரங்கள் போட்டு, பிற நிறுவனங்களுக்கு ஜாப் வொர்க்காகத் தைத்துக் கொடுத்துவந்த ஒருவரை இந்த அலசலுக்காகக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பத்தைந்து. ஆர்டர் நின்றுவிட்டது, வங்கித் தவணையும் கந்துவட்டியும் நிற்கவில்லை, தையல் ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டும், மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். சில வாரங்களாக அவர் சரியாகத் தூங்கவில்லை. நண்பர் ஒருவர், இணையவழிப் பயிற்சி நடத்தும் வாழ்வியல் பயிற்சியாளர் (லைஃப் கோச்) ஒருவரின் காணொளியை அனுப்புகிறார். மனைவி, உளவியல் ஆலோசகரிடம் பேசிப் பார்க்கலாம் என்கிறார். மைத்துனர், மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள் மாமா என்கிறார். தாயாரோ குலதெய்வக் கோயிலுக்குப் போய்வரச் சொல்கிறார். நால்வருமே அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் நான்கு வழிகளும் ஒரே இடத்துக்கு இட்டுச் செல்வன அல்ல.

இவற்றை ஒப்பிடும்போது யார் நன்றாகப் பேசுகிறார், யாருக்கு அதிகம் பேர் சாட்சி சொல்கிறார்கள் என்பவை உதவாத அளவுகோல்கள். துன்பத்தில் இருப்பவரின் உடலும் மனமும் இன்று எந்த நிலையில் இருக்கின்றன, உதவுபவர் தம் எல்லை எது என்பதை அறிந்தவரா, அவர் தவறினால் யாரிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற மூன்றையுமே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

வாழ்வியல் பயிற்சி

இத்துறை வெறும் ஊக்கப்பேச்சு என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. 1995இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பயிற்சியாளர் கூட்டமைப்பு, அதாவது ஐ.சி.எஃப்., தன் தொடக்கநிலைச் சான்றிதழுக்கே குறைந்தது 60 மணி நேரப் பாடப் பயிற்சியையும் 100 மணி நேரப் பயிற்றுவிப்பு அனுபவத்தையும் கேட்கிறது. உச்சநிலைச் சான்றிதழுக்கு 200 மணி நேரப் பாடமும் 2,500 மணி நேர அனுபவமும் வேண்டும். இவ்வழியில் வந்த ஒருவர் அறிவுரை கூறுவதில்லை. கேள்விகள் கேட்டு, எதிரில் இருப்பவரே தம் இலக்கைத் தெளிவாகச் சொல்லும்படி செய்து, அதை அடுத்த வாரத்துக்குள் முடிக்கக்கூடிய சிறு செயல்களாகப் பிரித்து, அவை நடந்தனவா என்று மீண்டும் விசாரிப்பார். நம் திருப்பூர்க்காரர் இரவில் உறங்கி, பசித்து உண்டு, கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் தெம்போடு இருந்தால், ஏற்றுமதியை விட்டு உள்நாட்டுச் சந்தைக்கு மாறலாமா, எந்தக் கடனை முதலில் பேசித் தீர்ப்பது, ஆட்களிடம் நிலைமையை எப்படிச் சொல்வது என்பன போன்ற முடிவுகளுக்கு அத்தகைய பயிற்சியாளர் உண்மையிலேயே துணைபுரிவார். குழப்பமே துயரமாக இருக்கும் இடத்தில் இந்த முறை பலன் தரும்.

ஆனால் இந்தியாவில் இப்பெயரைப் போட்டுக்கொள்ள எந்தச் சட்டமும் எந்தத் தகுதியையும் கேட்பதில்லை. ஐ.சி.எஃப். சான்றிதழ் விரும்புவோர் பெறுவது. அது இல்லாதவரும், வார இறுதி வகுப்பொன்றில் கலந்துகொண்டவரும், எதிலும் கலந்துகொள்ளாதவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ளலாம். தவறு நேர்ந்தால் முறையிடச் சட்டப்படி அமைந்த ஒரு மன்றம் கிடையாது. வாடிக்கையாளராக நுகர்வோர் நீதிமன்றத்தை நாடுவதே மிஞ்சும்.

இதைவிட ஆழமான சிக்கல் இம்முறையின் அடித்தளத்திலேயே இருக்கிறது. செயல்படும் ஆற்றல் இவரிடம் இருக்கிறது, திசைதான் தெரியவில்லை என்று பயிற்சியாளர் எடுத்துக்கொள்கிறார். மனச்சோர்வு நோய் முதலில் பறிப்பதோ அந்த ஆற்றலைத்தான். விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவரிடம், ஐந்து மணிக்கு எழுந்து நடைப்பயிற்சி செய்யுங்கள், நன்றி சொல்ல வேண்டிய ஐந்து விஷயங்களைக் குறித்து வையுங்கள், எதிர்மறையான மனிதர்களை விலக்குங்கள் என்று சொன்னால் என்ன நடக்கும்? இரண்டு நாள் முயல்வார், மூன்றாம் நாள் முடியாமல் போகும். தொழிலில் தோற்றவன் இதிலும் தோற்றேன் என்று தம்மையே நொந்துகொள்வார். நோயின் அறிகுறி அவருடைய குணக்கேடாக மாற்றப்பட்டுவிடுகிறது. மனநலத்தின் பெயரால் இழைக்கப்படும் தீங்குகளில் இதையே நான் மிகக் கொடியதாகக் கருதுகிறேன், ஏனெனில் உதவி செய்வதாக நம்பிக்கொண்டே இதைச் செய்கிறார்கள். ஐ.சி.எஃப். அமைப்பின் நெறிமுறைகளே, தேவைப்படும்போது வேறு துறை வல்லுநரிடம் அனுப்பிவைக்க வேண்டும் என்று பயிற்சியாளரைப் பணிக்கின்றன. யாரை ஏற்க மறுத்து அனுப்பிவைக்கிறார் என்பதைக் கொண்டே நல்ல பயிற்சியாளரை அடையாளம் காணலாம்.

உளவியலாளர்

இங்கே இரு வகையினரைப் பிரித்தறிய வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் முதுகலை முடித்து, அதன்பின் இரண்டாண்டு எம்.ஃபில். போன்ற, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய படிப்பை முடித்து, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முறையாகப் படித்தவர் தயங்காமல் தருவார். முதுகலையோ பட்டயமோ மட்டும் முடித்து ஆலோசகராகப் பணியாற்றுவோர் நெடுங்காலம் இத்தகைய பதிவு எதற்குள்ளும் வராமல் இருந்தனர். அவர்களையும் உள்ளடக்கி, பல்வேறு துணை மருத்துவத் தொழில்களை வரையறைக்குள் கொண்டுவரும் சட்டம் 2021இல் இயற்றப்பட்டது. ஆனாலும் இன்றைக்கு ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பவர் அவருடைய படிப்பையும், யாருடைய மேற்பார்வையில் பயின்றார் என்பதையும் தாமே கேட்டறிய வேண்டியிருக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் உளவியலாளரும் பயிற்சியாளரைப் போலவே சிறு செயல்களைத்தான் தருகிறார். மனச்சோர்வுக்கு நன்கு சோதிக்கப்பட்ட உளச்சிகிச்சைகளுள் ஒன்று, மனநிலை சீராகட்டும் என்று காத்திராமல் அன்றாடச் செயல்களை அளவாகத் திரும்பத் தொடங்கவைப்பதாகும். பத்து நிமிடம் வெளியே நடப்பது, ஒரு நண்பரை அழைப்பது, ஒருவேளை உணவை வீட்டாரோடு உண்பது என்று அது தொடங்கும். இருவருக்கும் வேறுபாடு இருப்பது அச்செயலுக்கு முன்னும் பின்னும். செயலைத் தருவதற்கு முன் உளவியலாளர் அளக்கிறார்: தூக்கம், பசி, ஆர்வம், கவனம், குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் முதலியவற்றைக் கடந்த இரண்டு வாரங்களை முன்வைத்து ஒன்பது கேள்விகளாகக் கேட்கும் வினாநிரல் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. மொத்த மதிப்பெண் 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முறையான பரிசோதனை தேவை என்று கொள்வார்கள். செயல் நடக்கவில்லை என்றால், பயிற்சியாளர் உங்கள் உறுதி எங்கே போயிற்று என்று கேட்கக்கூடும். உளவியலாளர், நாம் தந்த அளவு பெரிதாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அதைக் குறைப்பார், அல்லது நோய் தீவிரமாகிறது என்று உணர்ந்து மருத்துவரிடம் அனுப்புவார்.

பட்டம் மட்டுமே குணப்படுத்துவதில்லை என்று வாழ்வியல் பயிற்சியாளர்கள் வாதிடுவதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தப்பட்டு 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, மனநலத் துறையில் முன்பயிற்சி ஏதும் இல்லாத சாதாரண மனிதர்கள், மேற்சொன்ன செயல்வழி முறையை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அளித்தபோது, கடும் மனச்சோர்வுற்றோர் குறிப்பிடத்தக்க அளவில் தேறினர் என்று காட்டியது. ஆனால் அவர்களுக்கு வரையறுக்கப்பட்ட ஒரே முறை கற்பிக்கப்பட்டிருந்தது. அவர்கள் பணி தொடர்ந்து மேற்பார்வையிடப்பட்டது. நோயாளியை அனுப்பிவைக்க மருத்துவர் இருந்தார். இம்மூன்றும் உள்ள பயிற்சியாளர் ஒருவர் வந்தால் அவரை நான் மனமார வரவேற்பேன்.

உளவியலாளரிடம் உள்ள குறைகளையும் சொல்ல வேண்டும். தனியாரிடம் ஒவ்வோர் அமர்வுக்கும் கட்டணம். பலன் தெரியப் பல வாரம் ஆகும். சிறு ஊர்களில் ஆள் கிடைப்பது அரிது. ஆங்கிலத்திலேயே படித்துவிட்டு, தமிழில் ஒருவருடைய அவமானத்தையும் கடன்காரன் வாசலில் நின்ற நாளையும் பேச இயலாமல் திணறும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். முதல் இரண்டு அமர்வுகளில் மனம் ஒட்டவில்லை என்றால் ஆளை மாற்றலாம். அதற்காகச் சிகிச்சையையே கைவிடக் கூடாது.

மனநல மருத்துவர்

இவர் எம்.பி.பி.எஸ். முடித்தபின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதும் அதிகாரம் உடையவர். நம்மவரிடையே மிகுந்த தயக்கம் இவரிடம் செல்வதில்தான். ஆனால் மற்றவர்கள் செய்ய முடியாத ஒன்றை இவர் செய்கிறார். தைராய்டு குறைவு, இரத்தச்சோகை, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவை மனச்சோர்வைப் போலவே களைப்பையும் ஆர்வமின்மையையும் உண்டாக்கக்கூடும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரியவேண்டியதை மாதக்கணக்கில் பேசிப் பேசித் தேடுவது வீண்.

மருந்தைப் பற்றிய அச்சத்தில் இரு வேறு மருந்துகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் நீண்ட நாள் தொடர்ந்தால் பழக்கமாகிவிடக்கூடியவை. அவற்றைக் குறுகிய காலத்துக்கே தர வேண்டும், மருந்துக்கடையில் தாமாக வாங்கித் தொடரக் கூடாது. மனச்சோர்வு நீக்கிகள் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் அவற்றின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், குமட்டல் போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். குணமான பிறகும் ஆறு மாதமேனும் தொடர்ந்து, பின்னர் மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதை முதல் நாளே நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்கியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள் என்ற குறை உண்மையானது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கண்டது. இந்தியாவிலோ இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இந்தப் பற்றாக்குறையைத் தனி மருத்துவரின் அலட்சியமாக மட்டும் பார்க்க முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓ.பி. சீட்டு வாங்கிக் காத்திருக்க ஒரு காலைப் பொழுது போகும், அவ்வளவுதான். கடும் மனச்சோர்வில் மருந்தும் உளச்சிகிச்சையும் சேர்ந்தே நல்ல பலன் தருவதால், இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே பிழை.

தொலைபேசி, கோயில், வீடு

14416 என்ற எண்ணில் இயங்கும், அரசின் தொலைபேசிவழி மனநல உதவியான டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம், தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதற்கென்றே பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டது. இவை நீண்டகாலச் சிகிச்சைக்கு மாற்று அல்ல என்றாலும், நள்ளிரவில் உடனே கிடைப்பவை இவைதான்.

வழிபாடு பலருக்கு உண்மையான ஆறுதல் தருகிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். சிகிச்சைக்கு மாற்றாக அதை வைக்கும்போதுதான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த தனியார் காப்பகம் தீப்பற்றி 28 பேர் இறந்தனர். பின்னர் அதே ஏர்வாடியில் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. இரண்டும் சேர்ந்து நிற்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. வீட்டாரைப் பொறுத்தவரை, கூட வருவதும், மருந்து நேரத்தைக் கவனிப்பதும், அறிவுரை கூறாமல் இருப்பதும் அவர்கள் செய்யக்கூடிய பேருதவி.

சட்டம் தரும் காப்பு

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரைப் பற்றிய தகவல்களை இரகசியமாகக் காக்கும் கடமையை மருத்துவர், மருத்துவ உளவியலாளர் முதலியோர்மீது சுமத்துகிறது. மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு நிகராக மனநோயையும் நடத்த வேண்டும் என்கிறது. 115ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாத வரை, கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி மருத்துவமனைக்கே போகாமல் இருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். வாழ்வியல் பயிற்சியாளரிடம் சொல்லும் இரகசியத்துக்கு, அவர் தரும் வாக்கையும் இருவருக்கிடையிலான ஒப்பந்தத்தையும் தவிர இச்சட்டக் காப்பு எதுவும் இல்லை.

இனி நம் திருப்பூர்க்காரருக்கு வருவோம். தூக்கம் கெட்டு இரண்டு வாரங்களுக்கு மேலாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். நான் இல்லாமல் போனால் இன்ஷூரன்ஸ் பணமாவது உங்களுக்கு வரும் என்று மனைவியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் போதும். அன்றே அவரைத் தனியே விடாமல், 14416க்கு அழைத்துப் பேசிவிட்டு, அருகிலுள்ள மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தூக்கமும் பசியும் ஓரளவு திரும்பியதும் உளவியலாளரோடு அமர்வுகளைத் தொடங்கலாம். சில மாதங்கள் கழித்து, தொழிலை எப்படி மாற்றியமைப்பது என்று அவரே யோசிக்கத் தொடங்கும்போது நல்ல பயிற்சியாளர் பயன்படுவார். கடனை இவர்களில் யாரும் தீர்க்க முடியாது. அதற்கு ஆடிட்டரையும் வங்கி மேலாளரையும் பார்த்துத் தவணையை மாற்றியமைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அந்தச் சந்திப்புக்கு மைத்துனர் கூடப் போக வேண்டும். கடன் அப்படியே இருக்க, மனத்தை மட்டும் சரிசெய்துகொள் என்பது கொடுமை.

எவரிடம் முன்பதிவு செய்வதானாலும் முதல் அழைப்பிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடலாம்: உங்கள் பதிவு எண் அல்லது சான்றிதழ் என்ன, எந்த முறையில் பணிபுரிகிறீர்கள், எத்தனை அமர்வுக்குப் பிறகு பலனைச் சரிபார்ப்போம், எந்த நிலையில் என்னை வேறொருவரிடம் அனுப்புவீர்கள். கடைசிக் கேள்விக்கு, அப்படி ஒரு நிலையே வராது, எல்லாவற்றையும் நானே சரிசெய்வேன் என்று பதில் வந்தாலோ, முதல் நாளே மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னாலோ, மருந்தை நிறுத்தினால்தான் சேர்த்துக்கொள்வேன் என்றாலோ, அங்கே செல்ல வேண்டாம்.