பேஸ் ஆள் இல்லாத நால்வருக்கு ஹார்பெஜ்ஜியா, ஸ்டிக்கா, யூ-பேஸா?

எங்கள் சிங்கப்பூர் இசைக்குழுவில் பேஸ் (கீழ்ஸ்தாயி கிட்டார்) வாசித்த தம்பி, தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணிக்குப் போய்விட்டார். இரண்டு ஆண்டு. வார இறுதியில் முகாமிலிருந்து வீட்டுக்கு வந்தாலும் அவரை ஒத்திகைக்குக் கூப்பிட எங்களுக்கு மனம் வருவதில்லை. பிள்ளை தூங்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். மிச்சம் இருப்பது நான்கு பேர்: பாடுகிற அக்கா, மிருதங்கம் வாசிக்கும் அண்ணன், கீபோர்டு தம்பி, கிட்டாரில் நான். சமூக மன்றத்து விழா, புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணம், தீபாவளிச் சமயத்தில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கத்து மேடை, இவைதான் எங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்புகள்.

புதிதாக ஒருவரைச் சேர்க்க யாருக்கும் விருப்பமில்லை. அந்த இடம் தம்பியுடையது, திரும்பி வரும்போது அவருக்காகக் காலியாக இருக்க வேண்டும். அப்படியானால் இருக்கிற நால்வரில் ஒருவர் கீழ்ஸ்தாயியையும் கவனித்துக்கொள்ள வேண்டும். கீபோர்டின் இடது கையில் பேஸ் வாசித்துப் பார்த்தோம். சுருதி சுத்தமாக இருந்தது, பாட்டு ஓடியது, ஆனால் தந்தி அதிர்கிற உயிர் அதில் இல்லை. அப்புறம்தான் தேடலே ஆரம்பித்தது. எட்டு மாதத்தில் மூன்று கருவிகளை நண்பர்களிடம் இரவல் வாங்கி, எங்கள் பாட்டுகளையே வாசித்துப் பார்த்தோம்.

முதலில் ஹார்பெஜ்ஜி. ஏ.ஆர்.ரஹ்மான் கையில் பார்த்துத்தான் நம்மில் பலருக்கு இந்தப் பெயரே தெரியும். ஸ்டீவி வொண்டரும் ஜேக்கப் கோலியரும்கூட வாசிக்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த டிம் மீக்ஸ் உருவாக்கியது, 2000-களின் பிற்பாதியில் விற்பனைக்கு வந்தது. வயதில் நம் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குச் சமமான வாத்தியம்! பார்க்க ஒரு பலகை. அதன்மேல் பெரும்பாலும் 16 அல்லது 24 தந்திகள். ஸ்டாண்டில் கிடத்தி, பியானோ வாசிப்பதுபோல இரண்டு கை விரல்களாலும் மேலிருந்து தந்தியைத் தட்டி அழுத்த வேண்டும். மீட்ட வேண்டியதே இல்லை. அழுத்தாத தந்தியின் ஒலியை உள்ளே இருக்கும் மின்சுற்று வெளியே விடாது. அதனால் 24 தந்தி இருந்தும் தேவையில்லாத இரைச்சல் எழுவதில்லை.

இதன் அமைப்புதான் என்னை மயக்கியது. பக்கத்துத் தந்திக்குப் போனால் ஒரு முழுச் சுரம் ஏறும். அதே தந்தியில் அடுத்த மெட்டுக்கு (கிட்டாரில் ஃப்ரெட் என்போமே, அது) போனால் அரைச் சுரம். இவ்வளவுதான் கணக்கு. இதில் மோகனத்தை வைத்துப் பாருங்கள்: ச, ரி, க மூன்றும் ஒரே மெட்டில் வரிசையாக மூன்று தந்திகள், ப, த இரண்டும் அடுத்த மெட்டில், அடுத்த இரண்டு தந்திகள். கல்யாணி என்றால் முதல் வரிசையில் நான்கு, ச ரி க ம. அடுத்த மெட்டில் மூன்று, ப த நி. சங்கராபரணத்தில் மூன்றும் நான்கும். அந்த ஒற்றை மத்யமம் (ம) கீழ் வரிசையை விட்டு மேல் வரிசைக்குத் தாவுவது கண்ணுக்கே தெரிகிறது. கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதால் மட்டுமே பழகிய எனக்கு, அதை விரல் இடைவெளியாகப் பார்த்த அன்று உடம்பு சிலிர்த்தது.

இன்னொரு நன்மை பாடுகிறவர்களுக்கு. எங்கள் அக்காவுக்கு வழக்கமாகச் சுருதி 5 கட்டை. தொண்டை சரியில்லாத நாளில், "தம்பி, இன்னைக்கு நாலரை போதும்டா" என்பார். பியானோவில் சுருதி மாறினால் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை எல்லாம் இடம் மாறி விரலமைப்பே வேறாகிவிடும். கீபோர்டில் அதற்கு டிரான்ஸ்போஸ் என்ற சுருதி மாற்றும் பொத்தான் இருக்கிறது. ஹார்பெஜ்ஜிக்கு அந்தப் பொத்தானே தேவையில்லை. அதே உருவத்தைப் பலகையில் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் போதும். கூடவே, தந்தி என்பதால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் ஜாரு வருகிறது, லேசான அசைவு வருகிறது. இவை கீபோர்டுக் கட்டையில் கிடைக்காது.

சாப்மன் ஸ்டிக் வயதில் மூத்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த எம்மெட் சாப்மன் 1969-இல் இரண்டு கைகளாலும் தந்தியைத் தட்டி வாசிக்கும் முறையைக் கண்டுகொண்டார். 1974-இலிருந்து கருவியைச் செய்து விற்கத் தொடங்கினார். கிங் கிரிம்சன் ராக் குழுவிலும் பாடகர் பீட்டர் கேப்ரியலுடனும் வாசித்த பேஸ் கலைஞர் டோனி லெவினால் உலகம் இதை அறிந்தது. உடல் என்று தனியாக எதுவும் இல்லை, அகலமான கழுத்து மட்டும்தான். பெரும்பாலும் 10 தந்திகள்: ஒரு பாதி மெல்லிசைக்கு, மறு பாதி பேஸுக்கு. பட்டையை மாட்டி, இடுப்பு பெல்ட்டில் கொக்கியைச் சொருகி, ஏறக்குறைய நிமிர்த்தி நிறுத்தி வாசிக்க வேண்டும்.

பேஸ் தந்திகள் ஐந்தாம் சுர இடைவெளியில் சுருதி கூட்டப்பட்டவை. அதாவது ஒரு தந்தியில் ச என்றால் அதே மெட்டில் பக்கத்துத் தந்தி ப. இரண்டு விரலை வைத்தால் தம்பூராவின் ச-ப அங்கேயே நிற்கிறது, எந்தச் சுருதியிலும். ஆலாபனைக்குப் பின்னால் இடது கையில் அதை மெதுவாகத் தொட்டுக்கொண்டே இருந்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வழக்கத்தைவிட நெடுநேரம் பாடினார். கிட்டார்க்காரனான எனக்கு ஸ்டிக்தான் பொருந்தும் என்று அன்றிரவு முடிவே செய்துவிட்டேன்.

இரண்டு விஷயங்கள் அந்த முடிவைக் கலைத்தன. சின்னது முதலில். ஸ்டிக்கில் மெல்லிசைக்கும் பேஸுக்கும் தனித்தனி வெளியீடு உண்டு. இரண்டையும் மிக்ஸரில் தனி லைனில் கொடுத்தால்தான் அழகு. ஒரு கல்யாணத்தில் ஒலிபெருக்கிக்காரர் ஒரே லைன்தான் தந்தார். பேஸைக் கூட்டினால் மெல்லிசை புதைந்தது, மெல்லிசையைக் கூட்டினால் பேஸ் காணாமல் போனது. சின்ன மேடைகளில் இது அடிக்கடி நடக்கும்.

பெரிய விஷயம் மிருதங்கம். மேற்கத்திய இசைக்குழுக்களுக்காக எழுதப்படும் ஒப்பீடுகள் எதிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. நம்மைப் போன்ற குழுக்களுக்கோ இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். டிரம்ஸ் வைத்த குழுவில் பேஸுக்கென்று ஓர் இடம் காலியாக இருக்கும். மிருதங்கம் இருக்கும் குழுவில் அந்த இடத்தில் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் இடது முகம், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ரவை பூசிய அந்த இடந்தலையில் அண்ணன் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது எழும் கும்கி கீழிருந்து மேலே வளைந்து போகும் ஓசை, கிட்டத்தட்ட ஒரு பேஸ் வாசிப்புதான். பேஸ் சுரம் நீண்டு நின்றால் கும்கி அதற்குள் மூழ்கிவிடும்.

தட்டி வாசிக்கும் கருவிகளில் விரலை எடுக்கும்வரை ஒலி நிற்கும். ஹார்பெஜ்ஜியும் அப்படி, ஸ்டிக்கும் அப்படி. விரலை உடனே தூக்கலாம்தான். ஆனால் ஒரே ஆள் பேஸும் வாசித்து, மேலே மெல்லிசையும் வாசிக்கும்போது, மிருதங்கத்துக்கு எங்கே வழி விட வேண்டும் என்று கேட்பதற்குக் காதில் இடம் இருப்பதில்லை. மூன்று ஒத்திகைக்குப் பிறகு அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் வாசிக்கிறது எனக்கே கேக்கல." அதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது யூ-பேஸ். உகுலேலே அளவுதான், ஆனால் பேஸ் கிட்டாரின் அதே சுருதி. கீழ்த்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். சாதாரண பேஸ் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், வழக்கமான யூ-பேஸில் ஏறக்குறைய 21. இவ்வளவு குட்டையான தந்தியில் அவ்வளவு தாழ்ந்த சுரம் வருவதற்குக் காரணம் தடித்த, ரப்பர் போன்ற பாலியூரிதேன் தந்திகள். ரோடு டோடு மியூசிக்கின் ஓவன் ஹோல்ட்டும் காலா நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த கருவி இது.

இதன் ஒலி உருண்டையாகப் பிறந்து சீக்கிரமே அடங்கிவிடும். நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் குணம். முதலில் அதைக் குறை என்றுதான் நினைத்தேன். மிருதங்கத்தோடு வாசித்த முதல் நாளே அபிப்பிராயம் மாறியது. 'தும்' என்று விழுந்து அது ஒதுங்கிவிடுகிறது, கும்கி அந்த இடைவெளியில் எழுகிறது. அண்ணன் சிரித்துக்கொண்டே அந்தப் பாட்டை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். மெட்டில்லாத வகையும் கிடைக்கிறது. அதில் ஜாரு வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் சுருதி சுத்தத்துக்குக் காது விழிப்பாக இருக்க வேண்டும். நாங்கள் மெட்டுள்ளதையே தேர்ந்தோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலையில் யூ-பேஸ் சில நூறு வெள்ளிதான். கோல்மன் ஸ்ட்ரீட்டில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் கிட்டார் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். மற்ற இரண்டும் ஆயிரக்கணக்கில் போகும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அதன்மேல் 9% பொருள் சேவை வரியும் உண்டு. சிங்கப்பூரின் ஈரக்காற்றிலும் மேடை வியர்வையிலும் எஃகுத் தந்தி சீக்கிரம் கறுத்துவிடும், பாலியூரிதேனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் புதுத் தந்தி பல நாள் நீண்டுகொண்டே இருக்கும், பாட்டுக்குப் பாட்டு சுருதி பார்க்க வேண்டும். எம்ஆர்டி ரயிலில் யூ-பேஸை மடியில் வைத்துக்கொள்ளலாம், ஸ்டிக்கைத் தோளில் மாட்டலாம், 24 தந்தி ஹார்பெஜ்ஜிக்கும் அதன் ஸ்டாண்டுக்கும் டாக்சிதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு பத்தரைக்கு மேல் பழகுவதற்கு ஹெட்போனோடு ஹார்பெஜ்ஜியும் ஸ்டிக்கும் மிகவும் வசதி.

ஆக, எங்கள் நால்வருக்கு யூ-பேஸ். நான்தான் வாசிக்கிறேன். கிட்டார் பகுதிகளில் பாதியை கீபோர்டு தம்பி எடுத்துக்கொண்டார், மீதியை விட்டுவிட்டோம். விட்ட இடங்களில் பாட்டு இன்னும் நன்றாகவே மூச்சு விடுகிறது.

ஆனால் ஹார்பெஜ்ஜியை நான் தள்ளிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். நான்கு பேரில் ஒருவராக அதை உட்கார வைப்பது, பெரிய பாடகரைக் கூப்பிட்டுக் கோரஸ் பாடச் சொல்வதைப் போல. அதற்குரிய இடம் இருவர் கச்சேரி. ஒரு குரல், ஒரு ஹார்பெஜ்ஜி, தாளத்துக்கு வேறு யாரும் வேண்டாம். அங்கே பேஸ், சுருதி, மெல்லிசை மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வரும்போது, ஒலி நீண்டு நிற்பதும் வரமாகிவிடும். ஸ்டிக்கை ஏற்கெனவே பழகிய கிட்டார்க்காரர் இருந்தால் அதுவும் அங்கே ஈடு கொடுக்கும். புதிதாகத் தொடங்குகிறவர், அதிலும் பியானோ கற்றவர் என்றால், ஹார்பெஜ்ஜியைத்தான் சொல்வேன். கை பழகும் வேகமே வேறு.

கீபோர்டு தம்பி 16 தந்திக் கருவிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அக்காவும் அவரும் இரவல் ஹார்பெஜ்ஜியில் ஒரு மோகனமும் ஒரு கல்யாணியும் தயார் செய்கிறார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நடுவில் பத்து நிமிடம் அவர்கள் இருவருக்கு. அப்போது அண்ணனும் நானும் மேடையை விட்டு இறங்கி, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்போம்.