மளிகைக் கணக்கு ஆப்: மூன்று வருடமும் ஐந்தாவது சனிக்கிழமையும்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்க மளிகைக் கணக்கு வைக்கிற ஆப்புக்கு வருடச் சந்தாவைக் குறைச்சிருக்காங்களே, வாங்கலாமா?" இப்போதுதான் தனிக்குடித்தனம் போயிருக்கிறார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுத உட்கார்ந்தேன். பில்லைப் படம் எடுத்துப் படிப்பது, வகை பிரிப்பது, வட்டப்படம் காட்டுவது எல்லாம் இந்த மாதிரி ஆப் பலவற்றிலும் இருப்பதுதான். அதற்குள் போகவில்லை.

2023 ஜனவரியிலிருந்து ஒரு வாரம்கூட விடாமல் பயன்படுத்துகிறேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். சனிக்கிழமை ஒரு முறை கடைக்குப் போவோம், நடுவில் போவதில்லை. எங்கள் செலவு முதன்முதலில் கட்டுக்குள் வந்தது இந்தப் பழக்கத்தால்தான். ஆப் அதற்கு அப்புறம் வந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் விலைக்குப் பக்கத்தில் எடையைப் பதிய ஒரு கட்டம் இருக்கிறது. பில்லில் எடை எப்போதும் வராது, நாமே பாக்கெட்டைப் பார்த்து அடிக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வழக்கமாக வாங்கும் நாற்பது பொருளுக்கு எடையைப் பதிந்தேன். அன்றிலிருந்து கடையில் ஒரு பொருளைத் தேடினால் போன தடவை 100 கிராம் என்ன விலைக்கு வந்தது என்று காட்டுகிறது.

இது எவ்வளவு பெரிய உதவி என்று ஒரு பாக்கெட்டால்தான் தெரிந்தது. விலை ஒரு காசு ஏறவில்லை, ஆனால் ஆப் 11 சதவீதம் ஏற்றம் என்று காட்டியது. தப்பாக அடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். வீட்டில் பழைய காலி பாக்கெட் கிடந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே உயரம், அதே அகலம், அதே படம். பழையதில் 500 கிராம், புதியதில் 450. கைக்கு வித்தியாசம் தெரியவே இல்லை. பிரான்ஸில் 2024 ஜூலை 1 முதல், இப்படி அளவைக் குறைத்துக் கிராமுக்கு விலையேற்றினால் பெரிய கடைகள் அந்தப் பொருளின் அருகில் அறிவிப்பு வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்படி யாரும் சொல்லாத இடத்தில் எனக்குச் சொல்வது இந்தப் பழைய விலைப் பட்டியல்தான். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்ற என் நம்பிக்கையும் இதனால்தான் போயிற்று. நாங்கள் வாங்குவதில் நாலைந்து பொருளுக்குச் சின்ன பாக்கெட்தான் கிராமுக்குக் குறைந்த விலை.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

இந்த ஆப்புக்கு மாதம் மட்டும்தான் தெரியும். முதல் தேதி ஆரம்பித்து கடைசித் தேதி முடித்துவிடும். வாரக் கணக்கு என்ற ஒன்றே அதில் கிடையாது. வாடகைக்கும் மின் கட்டணத்துக்கும் மாதம் சரி, அவை மாதத்துக்கு ஒரு முறை வருகின்றன. மளிகை எங்களுக்கு வாரத்துக்கு ஒரு முறை. ஒரு வருடத்தில் 52 சனிக்கிழமை. பன்னிரண்டு மாதத்துக்கு நாலு நாலாகப் பிரித்தால் 48-தான் ஆகிறது. மிச்சம் நாலும் நாலு மாதத்தில் ஐந்தாவது சனிக்கிழமையாக வந்து நிற்கும். சில வருடங்களில் 53 வரும், அப்போது இப்படி ஐந்து மாதம்.

வாரச் செலவை நாலால் பெருக்கி மாத பட்ஜெட் போட்டிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். 2023 ஏப்ரலில் சிவப்பு எச்சரிக்கை வந்தது, 25 சதவீதம் அதிகம் என்று. ஜூலையில் மறுபடி. வீட்டில் வாக்குவாதம் நடந்தது. தேவையில்லாததை வாங்குகிறாய் என்று மனைவியிடம் சொன்னேன், கடைசி வாரம் அவசியமானவற்றையே பட்டியலிலிருந்து அடித்தேன். செப்டம்பரில் மூன்றாவது முறை சிவப்பு வந்தபோது மனைவி காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "ஏங்க, இந்த மாசம் அஞ்சு சனிக்கிழமைங்க. ஏப்ரல்லயும் ஜூலைலயும் அப்படித்தான்." நாங்கள் எந்த வாரமும் கூடுதலாகச் செலவழிக்கவே இல்லை. ஏப்ரலிலும் ஜூலையிலும் சொன்ன வார்த்தைகளுக்கு அன்று மன்னிப்புக் கேட்டேன்.

52-ஐ 12-ஆல் வகுத்தால் 4.33. வாரச் செலவை அதால் பெருக்கி பட்ஜெட்டை மாற்றிப் பார்த்தேன். அது வேறு விதத்தில் கெடுத்தது. நாலு சனிக்கிழமை வரும் மாதத்தில் 8 சதவீதம் போல மிச்சம் என்று பச்சை காட்டும். அது ஐந்து வார மாதத்துக்காக எடுத்து வைத்திருக்க வேண்டிய பணம், ஆனால் பச்சையைப் பார்த்ததும் கை தாராளமாகிவிடுகிறது. முதல் தேதி வந்ததும் ஆப் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும், மிச்சம் எங்கே போயிற்று என்ற தடமே இருக்காது.

வாரக் கணக்கு வேண்டும் என்று நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். கோரிக்கையைப் பதிவு செய்துகொண்டோம் என்று இரண்டு முறையும் ஒரே பதில். இதற்குள் ஆப்பின் நிறத்தை மூன்று தடவை மாற்றிவிட்டார்கள்.

அதனால் இப்போது பட்ஜெட்டை ஆப்பில் வைப்பதே இல்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு வரி: இவ்வளவு எடுத்துக்கொண்டு போனோம், இவ்வளவு திரும்பி வந்தது. சோப்பு, துணி துவைக்கும் பவுடர் மாதிரி மாதக்கணக்கில் வருபவற்றுக்கு வாராவாரம் ஒரு சின்னத் தொகையைத் தனி உறையில் போட்டுவிடுகிறோம், அது வாரக் கணக்கில் வராது. மீந்தது அடுத்த வரியில் சேரும், கூடுதலாகச் செலவானது அடுத்த வரியில் கழியும். ஒன்றரை வருடமாக இதில் வாக்குவாதம் வரவில்லை.

இதை எழுதும் இன்று நவம்பர் 29, ஐந்தாவது சனிக்கிழமை. கடையிலிருந்து வந்து பில்லைப் பதிந்தேன். பட்ஜெட்டை எடுத்துவிட்ட பிறகும், போன மாதத்தைவிட 25 சதவீதம் அதிகம் என்று சிவப்பில் ஒரு அறிவிப்பு. அக்டோபரில் நாலு சனிக்கிழமை. இவ்வளவுகூடப் பார்க்கத் தெரியாத ஒன்றுக்கு எதற்குச் சந்தா?

நண்பருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் விட முடியாது. மூன்று வருடத்து எடையும் விலையும் அதற்குள் இருக்கின்றன, மொத்தத் தொகையைத் தவிர எதையும் வெளியே எடுக்க விடுவதில்லை. அவருக்கு அந்தக் கட்டு இன்னும் விழவில்லை. ஒரு நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு வாரம் என்று ஆரம்பிக்கச் சொன்னேன். விலைக்குப் பக்கத்தில் எடையையும் முதல் வாரத்திலிருந்தே எழுதச் சொல்லியிருக்கிறேன்.