நந்தி மலைப் பக்கம் வைன் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

பெங்களூரிலிருந்து வார இறுதியில் நந்தி மலைப் பக்கம் வைன் டேஸ்டிங் போகிற நம்ம ஆட்கள் இப்போது நிறைய. அங்கே குடும்பமாக நடத்துகிற ஒரு சின்ன வைனரியில் எங்களுக்கு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ருசி பார்க்கக் கொடுத்தது ஒன்று, பெட்டியில் கட்டிக் கொடுத்தது வேறு.

அல்சூரிலிருந்து நான், அக்கா, மாமா மூன்று பேரும் போனோம். தோட்டத்தைச் சுற்றிக் காட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்த பெரியவர் ஓசூர்ப் பக்கத்துத் தமிழில், "வெளியாள் யாரும் கிடையாது சார், பையன் வைன் போடறான், மருமக கணக்குப் பார்க்குது" என்று வாய் நிறையப் பேசினார். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் இனிப்பு வைன் வேண்டவே வேண்டாம் என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

கடைசியாக ஊற்றியது ஷிராஸ், அந்தப் பெயருள்ள திராட்சையில் செய்கிற ரெட் வைன். நல்ல வைன் என்பதை மறைக்க மாட்டேன். கிளாஸை வெள்ளைத் தாள் மேலே சாய்த்துப் பார்த்தால் ஓரம்வரை கரு ஊதா, மூக்கில் மிளகு வாசனை, நாக்கில் துளி இனிப்பில்லாமல் துவர்ப்பு மட்டும் நின்றது. லேபிளில் ஷிராஸ் என்றும் அறுவடை ஆண்டும் தெளிவாக இருந்தன. ஆறு பாட்டில் கேட்டோம். "வண்டியில குலுங்கும் சார், நாங்களே நல்லா கட்டித் தரோம்" என்று உள்ளே கொண்டுபோய், நாலு பக்கமும் டேப் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். பில்லில் வெறும் "ரெட் வைன் 6", ஆனால் போட்ட விலை ஷிராஸ் விலை.

வீட்டில் பிரித்தால் அதே தோட்டப் படம், அதே எழுத்து, ஆனால் திராட்சைப் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை, பின்பக்கம் பொடி எழுத்தில் இனிப்பு வைன் என்று போட்டிருக்கிறது. ஒன்றைத் திறந்தோம். ஜூஸ் கடையில் கறுப்புத் திராட்சை பிழியும்போது வருமே, அதே வாசனை. பெங்களூரு ப்ளூ திராட்சையேதான். அந்தத் திராட்சையை நான் மட்டமாகச் சொல்லவில்லை. தேவனஹள்ளி, தொட்டபள்ளாப்பூர், சிக்கபள்ளாப்பூர் விவசாயிகள் காலங்காலமாகப் போடுவது, 2013-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. அதில் செய்த இனிப்பு வைனை அதன் பெயரில், அதன் விலைக்கு விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? சர்க்கரை உள்ள மனிதருக்கு என்று தெரிந்தே ஷிராஸ் விலைக்கு அதைத் தள்ளிவிட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

போன் செய்தால் பெரியவர், "புது பாட்டில் சார், ரெண்டு நாள் திறந்து வெச்சா இனிப்பு போயிடும்" என்கிறார். சுத்தப் பொய். ரெட் வைனைக் கொஞ்ச நேரம் காற்றாட வைத்தால் வாசனை விரியும், துவர்ப்புக் கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். சர்க்கரை எங்கேயும் போகாது. அப்படியே திறந்து வைத்தால் நாளாக நாளாகக் காடி வாடைதான் வரும். இதைச் சொன்னதும் பேச்சு மாறியது, ஷிராஸ் தீர்ந்துபோய்விட்டதாம், "அதே தரத்துல" இருந்ததை வைத்தார்களாம். சரி, அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே? அதற்குப் பதிலில்லை. வித்த சரக்கைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று மருமகள் போனை வைத்துவிட்டார், அப்புறம் எடுக்கவே இல்லை.

கர்நாடக அரசு 2007-ல் திராட்சை வைன் கொள்கை கொண்டுவந்து வளர்த்துவிட்ட தொழில் இது. ஒழுங்காகச் செய்கிற சின்னக் குடும்பங்களின் பெயரையும் இந்த மாதிரி ஆட்கள் கெடுக்கிறார்கள். போகிறவர்கள் டேஸ்டிங் பாட்டிலின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணெதிரே கட்டச் சொல்லுங்கள், பில்லில் திராட்சைப் பெயரும் ஆண்டும் எழுதச் சொல்லுங்கள், எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். முகம் சுளித்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். மாமா டேஸ்டிங் மேசையில் எடுத்த போட்டோவில் ஷிராஸ் லேபிள் தெளிவாக விழுந்திருக்கிறது. அதையும் பில்லையும் புகாரோடு சேர்த்திருக்கிறேன், மீதி ஐந்து பாட்டில்களும் சீல் உடைக்காமல் அப்படியே இருக்கின்றன.