பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7: பழைய பந்தயப் படகைக் குடும்பத்துக்கு வாங்கும் முன்

பெனட்டோ நிறுவனத்தின் பாய்மரப் படகான ஃபர்ஸ்ட் 40.7 ஒன்றைப் பார்க்கப் போகிறீர்களா? பாய், மெத்தை, மின்கருவிகள் எல்லாம் பிறகு. முதலில் தரைப்பலகைகளைத் தூக்கிப் பாருங்கள். இந்தப் படகை வாங்கலாமா வேண்டாமா என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

படகு வடிவமைப்பாளர் புரூஸ் ஃபார் என்பவரின் அலுவலகம் வரைந்து 1998-இல் வெளிவந்த மாடல் இது. நீளம் ஏறக்குறைய 12 மீட்டர், எடை 7 டன்னை ஒட்டி. 8 நாட் (knot, மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்) காற்றில், கனமான பயணப் படகுகள் எஞ்சினைப் போட்டுவிடும் நேரத்திலும் இது பாயிலேயே நன்றாக ஓடும். எதிர்க்காற்றில், காற்று வரும் திசையை நெருக்கிப் பிடித்து ஏறும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல; இருட்டுவதற்கு முன் துறைமுகம் போய்ச் சேரலாம், நாள் முழுக்க எஞ்சின் இரைச்சலில் உட்கார வேண்டியதில்லை. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று அறைகள். இரண்டு பிள்ளைகளோடு தாராளமாகத் தங்கலாம். ஆழக் கீல் (படகின் அடியில் தொங்கும் கனமான துடுப்பு போன்ற பகுதி) உள்ள படகு தண்ணீருக்குள் 2.4 மீட்டர் இறங்கும். நீங்கள் போக நினைக்கும் துறைகளில் அவ்வளவு ஆழம் இருக்கிறதா என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இனி தரைப்பலகைக்குக் கீழே. அங்கே குறுக்கும் நெடுக்குமாக விலா எலும்புகள்போல ஒரு ஃபைபர் சட்டம் தெரியும். மேட்ரிக்ஸ் என்பார்கள். தனி அச்சில் வார்த்து, படகின் அடிப்புறத்தில் பசை வைத்து ஒட்டியது. கீலின் சுமையை உடலெங்கும் பரப்புவது இதுதான். கீல் பாறையில் மோதினால் அதன் முன்முனை கீழே இழுக்கும், பின்முனை மேலே குத்தும். அந்த உலுக்கலில் பசை விட்டுப்போகலாம். வெளியே சின்னக் கீறல்கூடத் தெரியாது. பந்தயம் ஓடிய படகு ஒருமுறையாவது தரை தட்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2014 மே மாதம், ஆண்டிகுவாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சீக்கி ரஃபீக்கி என்ற 40.7 நடு அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது. நான்கு பேரும் உயிரிழந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2015-இல் வெளியிட்ட அறிக்கை, முன்பு தரை தட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் கீல் பொருந்தும் இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது. வேறு சில 40.7 படகுகளிலும் மேட்ரிக்ஸ் கழன்றிருந்ததை அது பதிவு செய்திருக்கிறது.

சோதிக்கும் முறை இது. படகைக் கிரேனில் தொங்கவிட்டு, கீலும் உடலும் சேரும் கோட்டின் முன்பக்கத்தைப் பாருங்கள். பிறகு கீலின் மேல் எடை இறங்கும்படி மெல்ல வைக்கச் சொல்லி அதே கோட்டை மறுபடி பாருங்கள். இடைவெளி திறந்து மூடினால் ஏதோ அசைகிறது. அதே நேரத்தில் உள்ளே ஒருவர் இருந்து கீலின் பின்முனைக்கு மேலுள்ள அடிப்புறம் எழும்புகிறதா என்று கவனிக்கட்டும். அடுத்து, மேட்ரிக்ஸின் ஓரங்களைப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக ஒட்டிய இடம் கணீரென்று ஒலிக்கும், விட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும். மெல்லிய தகடு ஓரத்துக்குள் நுழைந்தால் பசை விட்டுவிட்டது, சந்தேகமே வேண்டாம். கீல் போல்ட்டுகளைச் சுற்றித் துருக்கறை இருக்கிறதா, விலாக்களின் மூலைகளில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டம் முழுக்கப் புதுப் பெயின்ட் என்றால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

சரியான பழுதுபார்ப்பு என்றால் கீலைக் கழற்றி, விட்ட இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மீண்டும் ஒட்டி, மேலே ஃபைபர் அடுக்குகள் போட வேண்டும். ஓட்டை போட்டுப் பிசினை ஊசியால் ஏற்றியதோடு நிறுத்தியிருந்தால் நம்ப வேண்டாம். உப்பும் எண்ணெயும் படிந்த பரப்பில் பிசின் பிடிக்காது. ரசீதும் வேலை நடந்தபோது எடுத்த படங்களும் இல்லாத பழுதுபார்ப்பைச் செய்யாததாகவே கணக்கிட்டு விலை பேசுங்கள்.

சுக்கானின் அடிமுனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தட்டும் சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. படகைத் தூக்கி மறுநாளும் சுக்கானின் அடியில் நீர் கசிந்தால் உள்ளே நுரை ஊறிவிட்டது. தளத்தில் கைப்பிடிக் கம்பங்களின் அடியிலும் ஜிப் எனும் முன்பாயின் தண்டவாள ஓரத்திலும் ஈரமானி வைத்துப் பாருங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் 10 முதல் 12 ஆண்டைத் தாண்டியிருந்தால் புதுசு போடும் செலவை விலையில் கழிக்க வேண்டும். எஞ்சின் செயில்டிரைவ் வகை (படகின் அடியில் உள்ள துளை வழியே நேராகக் கீழே இறங்கும் காலில் உந்துவிசிறி இருப்பது) என்றால், அந்தத் துளையை நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் டயஃப்ரமை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். எஞ்சின் தயாரிப்பாளரான வால்வோ சொல்வது 7 ஆண்டுக்கு ஒருமுறை.

படகோடு வரும் பந்தயப் பாய்கள் பத்து இருந்தாலும் குடும்பத்துக்கு உதவாது. டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியில் ஒரு மெயின்சைல் (பெரிய பாய்), அதில் மூன்று ரீஃப் (பாயை மடித்துச் சிறிதாக்கும் நிலைகள்), சுருட்டி வைக்கக்கூடிய 105 சதவீத ஜிப், அதாவது பாய்மரத்தைச் சற்றே தாண்டும் அளவு. இவை போதும். பந்தயத்தில் ஓரத்தில் உட்கார்ந்து சாய்வைத் தாங்கிய ஏழெட்டுப் பேர் இப்போது கிடையாது. எனவே எதிர்க்காற்று 15 நாட்டைத் தொடும்போதே முதல் ரீஃப் போட்டுவிடுங்கள். வேகம் பெரிதாகக் குறையாது, சமையலறையில் பாத்திரமும் உருளாது. 8 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி 60 மீட்டர் என்றால் 84 கிலோ. அதை மூக்கிலேயே குவித்தால் படகு அலையில் முகம் குத்தும். 30 மீட்டர் சங்கிலியும் மிச்சத்துக்குக் கயிறும் இந்தப் படகுக்குப் பொருத்தம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஓரக்கம்பிகளில் வலை கட்டுவது முதல் நாள் வேலை. மெயின்சைலை இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின்ஷீட் ஓடும் தண்டவாளத்தின் பக்கம் அவர்களை உட்காரவிடக் கூடாது.

கடலோட்டச் சோதனைக்குக் காற்று அடிக்கும் நாளாகக் கேட்டு வாங்குங்கள். கிளம்பும் முன் பில்ஜை (தரைப்பலகைக்குக் கீழுள்ள அடிக்குழி) உலரத் துடைத்து, கீல் போல்ட்டுகளைச் சுற்றி டிஷ்யூ தாளைப் பரப்பி வையுங்கள். ஒரு மணி நேரம் எதிர்க்காற்றில், அலையில் அறைய விட்டு ஓட்டிவிட்டு வந்து பலகையைத் தூக்குங்கள். தாள் நனைந்திருந்தால் நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.