டோக்கியோவில் ராத்திரிச் சாப்பாடு: கொன்பினியா, சூப்பர்மார்க்கெட்டா?

வேலை முடிந்து களைத்து வரும்போது கொன்பினி என்ற சின்னப் பலசரக்குக் கடைதான் முதலில் கண்ணில் படும். 24 மணி நேரமும் திறந்திருக்கும். இரண்டு ஓனிகிரி (சோற்று உருண்டை) எடுத்தால் பசி அடங்கும். அவ்வளவுதான். காய்கறி என்று தேடினால் சின்ன டப்பா சாலட். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 8 இல்லை, 10 சதவீதம்.

சூப்பர்மார்க்கெட்டுக்குக் கடை மூடும் நேரம் பார்த்துப் போங்கள். ஊழியர் ஸ்டிக்கர் கட்டோடு வருவார்: முதலில் 20 சதவீதத் தள்ளுபடி, அப்புறம் ‘ஹன்காகு’, அதாவது பாதி விலை. சுட்ட கானாங்கெளுத்தி, எள் புரட்டிய கீரை, ஹிஜிகி கடற்பாசிப் பொரியல் எல்லாம் கூடைக்கு வந்துவிடும். வீட்டில் சோறு மட்டும் வைத்தால் போதும். என் ஓட்டு இதற்கே.

சைவக்காரர்கள் மட்டும் கொஞ்சம் உஷார். கீரையிலும்கூட கட்சுஒபுஷி என்ற உலர்மீனின் சாறு கலந்திருக்கலாம்.