டியூபாவில் கை வைக்கும் முன்: ஸ்லைடா, ஐந்தாம் வால்வா, லீட்பைப்பா?

கொஞ்ச காலம் டியூபா (அடிக்குரல் தரும் பெரிய பித்தளை ஊதுகருவி) ஊதியவர்களுக்கு ஒரு ஆசை வந்தே தீரும். கருவியைப் பணிமனைக்குத் தூக்கிப்போய் எதையாவது மாற்றிவிட வேண்டும். புது லீட்பைப் (ஊதும் வாயான மவுத்பீஸுக்கு அடுத்த குழாய்), கூடுதல் வால்வு (அழுத்தினால் கூடுதல் குழாயைச் சேர்த்துச் சுருதியை இறக்குவது), கனமான மூடிகள், வெள்ளிப் பூச்சு என்று ஆசை காட்டப் பட்டியல் நீளமாகவே இருக்கிறது. "எந்த மாற்றம் நல்லது?" என்று பொதுவாகக் கேட்டால் யாரிடமும் உருப்படியான பதில் கிடைக்காது. "இந்தக் குறைக்கு எது நல்லது?" என்று கேட்டால் பேசலாம். ஒரே குறைக்கு இரண்டு மூன்று வழிகள் போட்டி போடுகின்றன. அவற்றைத்தான் இங்கே எதிரெதிரே நிறுத்தப் போகிறேன். என் அளவுகோல் இரண்டு. காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா? பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்க முடியுமா?

அதற்கு முன் ஒரு சோதனை. எந்த வால்வையும் அழுத்தாமல் ஒரு வால்வு ஸ்லைடை, அதாவது அந்த வால்வின் குழாயில் உள்ளே வெளியே நகரும் வளைவை, கொஞ்சம் வெளியே இழுங்கள். சில நொடி பொறுத்து அந்த வால்வை அழுத்துங்கள். "டப்" என்று சத்தம் வந்தால் காற்று பிடித்து நிற்கிறது. சத்தமே இல்லையென்றால் எங்கோ கசிகிறது. கசியும் கருவியில் எதை மாற்றினாலும் வீண்தான். வால்வுக்கு மெத்தையாக இருக்கும் ஃபெல்ட்டும் கார்க்கும் தேய்ந்து, பிஸ்டன் (மேலும் கீழும் போகும் வால்வுத் தண்டு) துளைகள் குழாய்க்கு நேராக நிற்காமல் போயிருப்பதும் இதே வகைதான். இது பழுதுபார்ப்பு, மாற்றம் அல்ல. ஆனாலும் "என் டியூபா மந்தமாக இருக்கிறது" என்ற புகார்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

சுருதி: கையால் இழுப்பதா, வால்வு சேர்ப்பதா?

முதலில் கணக்கு. பி ஃபிளாட் டியூபாவின் (வால்வு அழுத்தாமல் பி ஃபிளாட் சுரத்தை அடிப்படையாகக் கொண்ட வகை) குழாய் சுமார் 5.5 மீட்டர். இரண்டு அரைச்சுரம் இறங்க முதல் வால்வு அந்த நீளத்தில் 12.2 சதவீதம் சேர்க்க வேண்டும். மூன்று அரைச்சுரம் இறங்க மூன்றாம் வால்வு 18.9 சதவீதம் சேர்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 31 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் ஐந்து அரைச்சுரம் இறங்கத் தேவைப்படுவது 33.5. கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர் குழாய் பற்றவில்லை. சுருதி 30 சென்ட் ஏறி நிற்கிறது (ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஒரு அரைச்சுரம் இறக்கும் இரண்டாம் வால்வையும் சேர்த்து மூன்றையும் அழுத்தினால் 24 சென்டிமீட்டர் பற்றாக்குறை, 54 சென்ட் ஏற்றம். அரைச்சுரத்தில் பாதிக்கும் மேல்! இதைக் கொஞ்சம் மறைக்கத்தான் மூன்றாம் ஸ்லைடைச் சற்று நீளமாகவே வைத்துக்கொள்வார்கள்.

ஐந்து அரைச்சுரம் இறக்கும் நான்காம் வால்வு இந்த இரண்டு சேர்க்கைகளுக்கும் மாற்று தருகிறது. 1-3-க்குப் பதில் 4, 1-2-3-க்குப் பதில் 2-4 (எண்கள் ஒன்றாக அழுத்தும் வால்வுகள்). அதற்கும் கீழே போனால் பழைய தொல்லை இன்னும் பெரிதாகத் திரும்பி வருகிறது. நான்கையும் ஒன்றாக அழுத்தினால் 11 அரைச்சுரம் இறங்க வேண்டும். கணக்குப்படி கிடைப்பது 9-க்குக் கொஞ்சம் மேல். இடையில் இருக்க வேண்டிய சுரத்துக்கு அங்கே விரலே இல்லை.

இதற்கு மலிவான வழி, ஊதும்போதே ஸ்லைடை இழுப்பது. ஸ்லைடு வளைந்து திரும்பும் குழாய் என்பதால் தேவையில் பாதி தூரம் இழுத்தால் போதும். 1-3-க்கு ஆறரை சென்டிமீட்டர், 1-4-க்கு 11. கருவியில் செய்ய வேண்டிய மாற்றமும் சின்னதுதான்: ஸ்லைடை மெருகேற்றித் தடையில்லாமல் ஓட வைக்க வேண்டும், கெட்டியான கிரீஸை எடுத்துவிட்டு லேசான எண்ணெய் போட வேண்டும், இடது கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் மேல்நோக்கித் திருப்பி அமைக்க வேண்டும். கூடவே வால்வில் 1 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு காற்றுத்துளை போடுவதும் வழக்கம். வால்வு மேலே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க இது உதவும். துளை சரியான இடத்தில் விழ வேண்டும். வால்வு கீழே போனபின் அது காற்றோட்டத்தோடு சேர்ந்துவிட்டால் நீங்களே ஒரு கசிவைத் தயாரித்துவிட்டீர்கள். மேலே சொன்ன "டப்" சோதனை இதற்குப்பின் அந்த ஸ்லைடுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். துளையைப் பார்க்காமல் கருவி கசிகிறது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு.

அடுத்த வழி ஐந்தாம் வால்வு. பெரும்பாலும் அதன் குழாய், முழுச்சுரத்துக்கு (இரண்டு அரைச்சுரம்) வேண்டியதைவிட நீளமாக வைக்கப்படும். முதல் வால்வின் குழாய் 67 சென்டிமீட்டர் என்றால் இது சுமார் 90. நான்காம் வால்வு அழுத்திய நிலையில் குழாய் ஏற்கனவே நீண்டுவிட்டதால் அங்கே முழுச்சுரத்துக்கு இந்த 90 தான் சரி. 4-5 சேர்ந்தால் ஏழு அரைச்சுரம் துல்லியமாக இறங்கும். 1-4-க்கு 11 சென்டிமீட்டர் இழுக்கும் வேலை மிச்சம். வேகமான இடங்களில் கை பின்தங்குவதும் இல்லை. ஆனால் இதற்குக் குழாயை வெட்டிப் பற்றாசு வைத்தாக வேண்டும். புது வால்வின் உடலே சில சென்டிமீட்டர் நீளம் என்பதால் அந்த அளவை வேறெங்கோ குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் கருவி முழுவதும் சுருதி இறங்கிவிடும். எடையும் கூடும்.

மூன்றாவது போட்டியாளர், டேவிட் பிளெய்க்லி 1874-இல் கொண்டுவந்த ஈடுசெய்யும் வால்வு முறை. நான்காம் வால்வை அழுத்தினால் காற்று மற்ற வால்வுகள் வழியாக இரண்டாம் முறை சுற்றி வந்து, விடுபட்ட நீளத்தைச் சின்னச் சின்ன வளையங்களில் தானே சேர்த்துக்கொள்ளும். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகளில் இதுதான் வழக்கம். அழகான யோசனை. ஆனால் இருக்கிற டியூபாவில் பிறகு சேர்க்கக்கூடிய சமாச்சாரம் இல்லை. வேண்டுமென்றால் வேறு கருவிதான் வாங்க வேண்டும். அடி சுரங்களில் காற்று கொஞ்சம் அடைபடுவதுபோல இருக்கும் என்ற குறையும் சொல்லப்படுகிறது. கூடுதல் வளைவுகளை நினைத்தால் அதில் ஆச்சரியமில்லை.

ஐந்தாம் வால்வால் செய்ய முடியாத ஒன்றை ஸ்லைடு செய்யும்: சுருதியை ஏற்றுவது. ஐந்தாவது ஹார்மோனிக் (ஒரே குழாய் நீளத்தில் உதட்டால் மட்டும் எழுப்பும் சுரங்களில் ஐந்தாவது) இயற்கையிலேயே 14 சென்ட் இறங்கி இருக்கும். பி ஃபிளாட் டியூபாவில் வால்வு அழுத்தாமல் வரும் டி சுரம் அது. மெயின் ஸ்லைடில் (கருவி முழுவதன் சுருதியையும் மாற்றும் ஸ்லைடு) ஒரு கம்பியோ நெம்புகோலோ பொருத்தி, இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உள்ளே தள்ளினால் அது சரியாகும். உள்ளே தள்ள இடம் இருக்க வேண்டுமே! அதனால் கருவி சாதாரண சுருதியில் இருக்கும்போதே மெயின் ஸ்லைடு அந்த அளவு வெளியே நிற்கும்படி குழாயைக் குறைக்க வேண்டியிருக்கலாம். இதெல்லாம் செய்வதற்கு முன் அந்த டி-யை 1-2 விரலில் ஊதிப் பாருங்கள். அது செலவில்லாத வைத்தியம்.

என் தீர்ப்பு: நான்கு வால்வு இருந்தால், முதலில் முதல் வால்வின் ஸ்லைடை இழுக்கும் வழி. ஐந்தாம் வால்வு, அடி ஸ்தாயியில் அடிக்கடி வேலை இருப்பவர்களுக்கு மட்டும். மூன்று வால்வுக் கருவியில் நான்காவதைச் சேர்க்கும் யோசனையை விட்டுவிட்டு நான்கு வால்வுக் கருவி தேடுவதே மேல்.

ஒலி எழும் வேகம்: லீட்பைப்பா, இடைவெளியா?

"ஊதினால் உடனே பேசவில்லை" என்ற புகாருக்குப் பலர் கைகாட்டுவது லீட்பைப். மவுத்பீஸுக்கு அடுத்த அந்த ஒடுங்கிய குழாய் எப்படி விரிகிறது என்பது ஒலி எழும் விதத்தையும் சுருதியையும் உண்மையாகவே மாற்றும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. குழாய்க்குள் ஒரு சுரத்தின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தை ஒடுக்கினால் அந்தச் சுரம் ஏறும்; காற்றின் அசைவு உச்சத்தில் இருக்கும் இடத்தை ஒடுக்கினால் இறங்கும். ஒரே இடம் ஒரு ஹார்மோனிக்குக்கு அழுத்த உச்சமாகவும் இன்னொன்றுக்கு அசைவு உச்சமாகவும் இருக்கும். ஆக, ஒரு சுரத்தைத் திருத்தும் லீட்பைப் இன்னொன்றைக் கெடுக்கத் தயாராக இருக்கிறது. ஒடுங்கிய பகுதியில் விழும் சின்ன நசுங்கல், பெல்லில் (கருவியின் விரிந்த முனை) விழும் பெரிய நசுங்கலைவிட அதிகம் படுத்துவதும் இதே மாதிரியான காரணத்தால்தான்: அங்கே குழாயின் பரப்பில் அது எடுத்துக்கொள்ளும் பங்கு பெரியது.

போட்டிக்கு நிற்பது மிக எளிய ஒன்று. மவுத்பீஸின் நுனிக்கும் லீட்பைப்பின் தொடக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. மவுத்பீஸ் தண்டில் அமெரிக்க அளவு, ஐரோப்பிய அளவு என்று இரண்டு முக்கியமான வகைகள். ஐரோப்பிய அளவு தடிமனானது. தடித்த தண்டைச் சின்ன வாயில் செருகினால் வெளியே நின்று இடைவெளி கூடும். மெல்லிய தண்டு பெரிய வாயில் ஆழமாகப் போய் ஆடும், சில சமயம் லீட்பைப்பின் விளிம்பிலேயே முட்டும். தண்டைச் சுற்றி ஒரு துண்டுக் காகிதம் வைத்துச் செருகிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் உங்கள் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. சரியான தண்டுள்ள மவுத்பீஸோ, இடைவெளியை மாற்றக்கூடிய ரிசீவரோ (மவுத்பீஸ் செருகும் வாய்) போதும்.

மவுத்பீஸ், தண்டு, இடைவெளி மூன்றையும் பார்த்து முடித்த பிறகும் மந்தம் இருந்தால் லீட்பைப் பக்கம் போகலாம். பழையதைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பற்றாசை உருக்கித் திரும்ப மாட்டிவிடலாம்.

வால்வு வேகம்

இதில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. சுழன்று இயங்கும் ரோட்டரி வால்வில் தேய்ந்து கடகடக்கும் பழைய இணைப்புகளுக்குப் பதில் பந்து மூட்டு இணைப்புகள் போட்டால் சத்தம் போகும், விரலுக்கும் வேகம் கிடைக்கும். திருகைக் கழற்றினால் பழையபடி. பிஸ்டனில் இலகுவான ஸ்பிரிங் போடலாம், ரொம்ப இலகுவானால் பிஸ்டன் மேலே வரச் சோம்பல் படும். ரோட்டரியை எடுத்துவிட்டு மொத்தமாகப் பிஸ்டன் தொகுதி வைப்பது வேறு உலகம். கிட்டத்தட்ட புதுக் கருவி கட்டுவதற்குச் சமம்.

பி ஃபிளாட்டை வெட்டி ஸி ஆக்குவது

அமெரிக்காவின் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராக்களில், பி ஃபிளாட்டைவிட ஒரு முழுச்சுரம் மேலே நிற்கும் ஸி டியூபாதான் அதிகம். அதனால் அங்கே பழைய பி ஃபிளாட் கருவிகளை வெட்டி ஸி ஆக்கும் பழக்கம் உண்டு. இந்த மோகத்துக்குப் பின்னால் ஒரு பெயர் நிற்கிறது: யார்க். மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸில் இருந்த யார்க் நிறுவனம் 1930-களில் செய்த ஒரு பெரிய ஸி டியூபா அர்னால்ட் ஜேக்கப்ஸ் கைக்கு வந்தது. 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியில் டியூபா ஊதியவர் அவர். அந்தக் கருவியின் ஒலியைப் பிடிக்க ஹிர்ஸ்ப்ரன்னர், யமஹா போன்ற நிறுவனங்கள் பிரதி செய்து பார்த்தன. பழைய யார்க் உடல் கிடைத்தால் வெட்டத் தோன்றுவது இதனால்தான். ஆனால் ஜேக்கப்ஸின் கருவி வெட்டி எடுத்தது அல்ல, ஸி ஆகவே பிறந்தது.

வேலை எவ்வளவு என்று பாருங்கள். மொத்தக் குழாயில் சுமார் 60 சென்டிமீட்டர் குறைய வேண்டும், ஒவ்வொரு வால்வு ஸ்லைடும் 11 சதவீதம் சுருங்க வேண்டும். மெயின் ஸ்லைடின் நேர்க்குழாயில் மட்டும் இவ்வளவு எடுக்க இடம் இருக்காது. விரிந்துகொண்டே போகும் பகுதியிலும் கத்தி வைக்க வேண்டும். அங்கே வெட்டி ஒட்டினால் விரிவில் ஒரு படிக்கட்டு விழுகிறது. அது எந்தச் சுரத்தை எங்கே தள்ளும் என்பது முடிந்த பிறகுதான் தெரியும். நல்ல கைவினைஞர் அருமையான ஸி டியூபாவை எடுத்துக் கொடுக்கலாம். பயனில்லாத ஒன்றும் வரலாம். திரும்பும் வழி கிடையாது. இதற்கு எதிரே நிற்கும் வழிகள், ஸி டியூபா வாங்குவது, அல்லது பி ஃபிளாட்டிலேயே ஊதுவது. ஜெர்மன் ஆர்க்கெஸ்ட்ராக்களில் எஃப் டியூபாவும் பி ஃபிளாட் டியூபாவும் வைத்தே வேலை நடக்கிறது. ஓட்டை உடைசலாக, வேறெதற்கும் உதவாத ஒரு உடல் கிடைத்தால் மட்டும் வெட்டலாம் என்பேன்.

பூச்சு, மூடி, உறைகுளிர்

பித்தளை மேலுள்ள பளபளப்புப் பூச்சான லாக்கரை உரிப்பது, வெள்ளி பூசுவது, வால்வுக்குக் கனமான அடிமூடி போடுவது, கருவியை உறைகுளிரில் வைத்து எடுப்பது. இவற்றால் தொனி மாறுகிறது என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். 1980-களில் வெவ்வேறு தடிமன் உள்ள டிராம்போன் பெல்களைக் கொடுத்து, எது எது என்று தெரியாமல் ஊதச் சொன்ன சோதனையில் தேர்ந்த வாசிப்பவர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. டியூபாவுக்கும் அப்படியே பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன். இருந்தாலும் பெல்லின் தடிமனே பிடிபடவில்லை என்றால் மேல்பூச்சுக்கு நான் பணம் கட்டத் தயங்குவேன். அடிமூடி திருகிக் கழற்றக்கூடியது, விளையாடிப் பார்க்கலாம். லாக்கரை உரிக்கும்போது மட்டும் கவனம். முரட்டுத்தனமாகத் தேய்த்து மெருகிட்டால் பித்தளையும் சேர்ந்து போகும், அதை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

எந்த மாற்றம் செய்தாலும் முன்பும் பின்பும் அதே அறையில், அதே மவுத்பீஸில், அதே நான்கைந்து வரிகளை ஊதிப் பதிவு செய்யுங்கள். ட்யூனரைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சுரத்தின் ஏற்ற இறக்கத்தையும் எழுதுங்கள், ஆனால் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஊதாதீர்கள். கண் பார்த்தால் உதடு தானாகத் திருத்திவிடும். எண்களை இன்னொருவர் குறித்துக்கொள்ளட்டும்.