பழைய வீட்டு இரும்பு பைப்: ஒட்டுப் போடுவதா, உறை விடுவதா, மாற்றுவதா?

பினாங்கில் போருக்கு முன் கட்டிய கடைவீடுகள் பலவற்றில் கக்கூஸ் கழிவு இன்னும் வார்ப்பிரும்பு பைப்பில்தான் இறங்குகிறது. கோலாலம்பூரில் 1950, 60களில் எழுந்த வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். இந்தப் பைப்புக்கு 50 முதல் 75 ஆண்டு ஆயுள் என்பது பொதுவான கணக்கு. ஆகவே தாத்தா போட்ட பைப்புக்கு நம் காலத்தில்தான் செலவு வரும். அந்தச் செலவைச் செய்யுமுன் ஒன்றை மனத்தில் வையுங்கள்: நிற்கும் பைப்புக்கு ஒரு வைத்தியம், படுத்திருக்கும் பைப்புக்கு வேறு வைத்தியம். இரண்டுக்கும் ஒரே விலை, ஒரே முறை என்று சொல்லும் கொன்ட்ராக்டரிடம் கவனமாக இருங்கள்.

கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை, பைப்பின் ஈரமான உட்சுவரில் வாழும் பாக்டீரியா கந்தக அமிலமாக்குகிறது. அது மேல்பக்கத்தை அரிக்கும். படுத்த பைப்பில் தண்ணீர் எந்நேரமும் ஓடுவதால் அடிப்பக்கமும் துருவேறித் தேயும். சில சமயம் இரும்பு கரைந்துபோய் கிராஃபைட் மட்டும் எஞ்சி நிற்கும். வெளியே பார்த்தால் பைப் முழுசாகத்தான் தெரியும். ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள்: உயிருள்ள பைப் கணீரென்று ஒலிக்கும், செத்தது டொக்கென்று அடங்கும். பேனாக்கத்தியால் கீறினால் நல்ல இரும்பில் வெள்ளையாய் ஒரு கோடு விழும். கெட்டதில் கத்தி இறங்கும், விரலில் கருப்பாக ஒட்டும். பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்தான் அது. மண்ணுக்குள் இருக்கும் பகுதியைக் கேமரா விட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பதிவு கையில் இல்லாமல் யாரிடமும் விலை பேசாதீர்கள்.

முதலில் ஒட்டு. "அண்ணே, எபோக்சி வச்சு அடைச்சிடலாம்" என்று, இறுகிக் கெட்டியாகும் பசையைக் காட்டிப் பிளம்பர் சொல்வார். ஒரே ஒரு மூட்டு கசிகிறது, மற்ற இடமெல்லாம் கணீரென்று ஒலிக்கிறது என்றால் அவர் சொல்வது சரி. பழைய மூட்டுகளில் தாரில் ஊறிய சணலைத் திணித்து, மேலே ஈயம் உருக்கி ஊற்றியிருப்பார்கள். பைப் நன்றாக இருக்க, மூட்டு மட்டும் தளர்வது உண்டு. ஆனால் வெடிப்பு நீளவாக்கில் ஓடினால் ஒட்டுவது வீண். அழுகிய பைப்பின் நடுவே ஒரு துண்டை வெட்டி பி.வி.சி. செருகினாலும், ரப்பர் இணைப்பு இறுக்கிப் பிடிக்க இரு பக்கமும் நல்ல இரும்பு வேண்டும்.

அடுத்து உறை. பிசின் ஊறிய துணிக்குழாயைப் பைப்புக்குள் செலுத்தி, காற்றால் ஊதிச் சுவரோடு ஒட்ட வைத்து, சூட்டிலோ புற ஊதா ஒளியிலோ இறுகச் செய்வது. 1971-ல் லண்டனில் ஒரு பழைய சாக்கடையில் தொடங்கிய முறை. பினாங்கின் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளுக்கு இது பெரிய வரம் என்பேன். பொதுச்சுவருக்குள் புதைந்து நிற்கும் பைப்பை எடுக்க வேண்டுமானால் செங்கல்லையும் சுண்ணாம்புப் பூச்சையும் உடைக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும். தரையில் பதித்த பூவேலை ஓடு உடைந்தால் அதே ஓடு திரும்பக் கிடைப்பது அரிது. மீட்டர் கணக்கில் உறைதான் விலை கூடியது. உடைக்கிற, பூசுகிற கூலியையும் சேர்த்துக் கூட்டுங்கள், கணக்கு மாறும்.

ஆனால் உறை, பைப்பின் வடிவத்தை அப்படியே ஏற்கும். பைப் தாழ்ந்து பள்ளமானால் உறையும் பள்ளத்தில்தான் கிடக்கும், அங்கே கழிவு தேங்கும். 4 அங்குல பைப்புக்கு 40-க்கு 1 சரிவு என்பது பழைய விதி: 4 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். அது போய்விட்டதென்றால் தோண்டத்தான் வேண்டும். அடிப்பக்கம் முழுதும் தின்னப்பட்டு மண் தெரிந்தாலும் அப்படியே. உறை போடுமுன் துருவைச் சுரண்டுவார்கள். மெலிந்த பைப் அதிலேயே உடையலாம்.

தரைக்கடியில் படுத்த பைப் கெட்டுவிட்டால், மாற்றுவதுதான் என் தேர்வு. தயங்க வேண்டாம். பி.வி.சி. துருப்பிடிக்காது, விலை குறைவு, நம்மூர் பிளம்பர்கள் எல்லோருக்கும் கைவந்த வேலை. குறைகளும் உண்டு. மாடியில் தண்ணீர் ஊற்றினால் கீழே ஹாலில் சத்தம் கேட்கும். இரும்பு அந்தச் சத்தத்தை விழுங்கிவிடும். வெயிலில் 30 டிகிரி சூடேறினால் 3 மீட்டர் பி.வி.சி. சுமார் 6 மில்லிமீட்டர் நீளும், அதற்கு இடம் விட வேண்டும். தீ பரவாதிருக்க, மாடித் தளத்தைத் துளைக்கும் இடத்தில் தீத்தடுப்பு வளையம் போடச் சொல்லுங்கள். மேலே இரும்பை விட்டுவிட்டுக் கீழே மட்டும் மாற்றினால், வெட்டுமுன் மேல்பகுதியை இரும்புப் பட்டையால் சுவரோடு கட்டியாக வேண்டும். மீட்டருக்கு 10 கிலோ அளவில் கனக்கும் பைப் அது, ஆள் தலையில் விழக்கூடாது.

கடைவீட்டு முகப்பில் தெரியும் பைப் என்றால் மட்டும் மறுபடி இரும்பையே போடலாம். ஜார்ஜ்டவுன் 2008 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பாரம்பரிய எல்லைக்குள் முகப்பில் கை வைக்குமுன் பினாங்கு தீவு மாநகர் மன்றத்தைக் கேளுங்கள்.

சில பழைய வீடுகளில் சாம்பல் நிறப் பைப் ஒன்றும் இருக்கும். அது அஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்கலாம். என்னவென்று தெரியும்வரை கிரைண்டர் வைத்து அறுக்க விடாதீர்கள்.

செலவு யாருடையது? தரை வீட்டில், பொது மேன்ஹோல் வரை உள்ள பைப் வீட்டுக்காரர் பொறுப்பு. அதற்கப்பால்தான் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர். அடுக்குமாடியில் பல வீடுகளுக்குப் பொதுவான நிற்கும் பைப்பை நிர்வாகம்தான் பார்க்க வேண்டும். மேல்மாடியிலிருந்து கசிந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2015-ஆம் ஆண்டு ஸ்திராத்தா விதிகளின்படி 7 நாளுக்குள் அவர்கள் வந்து சோதிக்க வேண்டும்.

எந்த முறை செய்தாலும் சுவரையும் தரையையும் மூடுமுன் பைப்பில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். கேமராவை இன்னொரு தடவை உள்ளே விடச் சொல்லி, அந்தப் பதிவை வாங்கி வைத்துக்கொண்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.